அருவிக்கரையில் புடவை பிடித்த அக்கா

எங்கள் லைனில் யார் வீட்டிலாவது மானம் போகிற மாதிரி ஒன்று நடந்தால், அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்வது அந்த அக்காவாகத்தான் இருக்கும். வந்ததும் கையில் கிடைத்ததை எடுத்து மூடுவார். மூடியதும் போய்விடுவார். பிறகு யாராவது நன்றி சொல்லப் போனால், "நானா? நான் அன்னிக்கு ஊர்லயே இல்லியே" என்பார்.

தெலுங்கும் இந்தியும் பேசுகிற ஊரில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீடு அவர்களுடையது. அக்காவின் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர்களுக்குக் குடியாத்தம் பக்கம், எங்களுக்கு ஆம்பூர். அதனால் பேச்சு ஒட்டிக்கொண்டது. அக்கா நல்ல உயரம். கை இரண்டும் உயரத்துக்கு மீறின நீளம். "துணி ஒணத்தறதுக்குன்னே சாமி என்னப் படைச்சிட்டாரு" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் காலையில் லைன் கடைசி வீட்டுக்காரர் குடித்துவிட்டுக் குழாயடிக்கு எதிரே விழுந்து கிடந்தார். லுங்கி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். தண்ணீர் பிடிக்க நின்ற நாங்கள் சிரிக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் நின்றோம். அக்கா தன் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு வந்தார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே கழுத்துவரை போர்த்திவிட்டு, எதுவும் நடக்காததுபோல வரிசையில் தன் குடத்துக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். மறுநாள் அந்த மனிதரின் மனைவி விரிப்பைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். "இது எங்க வூட்து இல்லியேம்மா. எங்க வூட்ல பூப்போட்ட துணியே கெடையாது" என்று சொல்லிவிட்டார் அக்கா. அதே பூப்போட்ட தலையணை உறை அவர் தலைக்குப் பின்னால் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பஜனையில் இன்னொன்று நடந்தது. தீபாராதனை சமயம், எல்லாரும் கண்ணை மூடி அமைதியாக நின்றபோது, பஜனையை நடத்துகிற பெரியவருக்கே சத்தமாக வாயு பிரிந்துவிட்டது. அடுத்த கணம் அக்கா கையிலிருந்த பித்தளைத் தட்டு தரையில் விழுந்து சுவர்வரைக்கும் உருண்டது. "கை வழுக்கிடுச்சு, மன்னிச்சுக்கோங்க சாமி" என்று பெரியவரிடமே மன்னிப்பும் கேட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டில் தட்டு விழுந்தாலும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "இப்ப யாருது?" என்று கேட்டுச் சிரிப்போம்.

இதெல்லாம் வீட்டு வாசலில். அக்காவை நான் நினைக்கிறபோது முதலில் கண்ணுக்கு வருவது வாசல் இல்லை, அருவி.

சித்திரைப் பௌர்ணமிக்கு எங்கள் லைனிலிருந்து ஒரு பஸ் பிடித்து நல்லமலைக் காட்டுக்குப் போவோம். காட்டுக்குள்ளே ஆழமான பள்ளத்தில் ஒரு குகை, அதில் லிங்கமய்யா. வருஷத்தில் அந்தச் சில நாட்களுக்குத்தான் காட்டுப் பாதையைத் திறந்துவிடுவார்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கல்லும் முள்ளுமாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, அதில் தேன்கூடுகள் கறுப்பாகத் தொங்கும். இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். இறங்குகிற ஜனம் முழுக்க, "வஸ்துன்னாம் லிங்கமய்யா" என்று தெலுங்கில் குரல் கொடுக்கும். வந்துகொண்டிருக்கிறோம் என்று சாமிக்குத் தகவல் சொல்வது. ஏறும்போது, "போயொஸ்தாம் லிங்கமய்யா", போய்விட்டு வருகிறோம். சொல்லாமல் போகவும் கூடாது, சொல்லாமல் வரவும் கூடாது.

குகைக்கு எதிரே உயரத்திலிருந்து அருவி விழும். வெயில் காலம் என்பதால் கயிறுபோலத்தான் இருக்கும். ஆனால் தலையில் வாங்கினால் உச்சந்தலை குளிர்ந்து காதுவரைக்கும் இறங்கும். அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்காது. பாறைகளுக்கு இடையே ஓடையாக ஓடி, ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு குதி, இரண்டாள் உயரத்துக்கு ஒரு குதி என்று படிப்படியாக இறங்கிப் போகும். ஒவ்வொரு குதிக்குக் கீழேயும் ஒரு மடு. பெரிய அருவியில் ஆண்கள் கூட்டம். அதனால் எங்கள் பெண்களை அக்கா ஓடையோடு கீழே கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது மடுவில் இறக்குவார். மூன்று பக்கம் பாறை. திறந்த பக்கத்தில் ஒரு மருத மரம். பழைய நூல் புடவை ஒன்றை இதற்காகவே பையில் கொண்டுவருவார். ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைக் கையை நீட்டித் தானே பிடித்துக்கொள்வார். அதற்குப் பின்னால்தான் நாங்கள் ஈரம் மாற்றிக்கொள்வது. அந்த வழியில் ஆண்பிள்ளை யாராவது வந்தால், "அன்னா, அட்டு திரகண்டி" என்பார், அந்தப் பக்கம் திரும்புங்கள் என்று. கேட்காதவனுக்கு இந்தியில் சொல்வார். அதற்கும் கேட்காதவனுக்குக் குடியாத்தம் தமிழில் விழும். அது எல்லாருக்கும் புரிந்துவிடும்.

புடவை பிடிக்கிறவர் எங்களையும் பார்க்க மாட்டார். குனிந்து காலடியில் தேங்கி நிற்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். "அக்கா, இந்தக் கொக்கி கொஞ்சம் மாட்டுங்களேன்" என்றால்கூட, "பக்கத்துல கீறவளக் கேளு" என்பார்.

எனக்கு முதுகில் இடுப்புக்கு மேலே வெண்புள்ளி உண்டு. சின்ன வயதில் காசளவு இருந்தது, பிறகு உள்ளங்கையளவு ஆனது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் வீட்டார் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்களே என்று மறைத்தே வாழ்ந்துவிட்டேன். அதனால் அருவிக்குப் போன முதல் வருஷம் காய்ச்சல் என்று பொய் சொல்லிக் கரையில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எல்லாரும் குளித்துவிட்டு மேலே ஏறின பிறகு, "வா" என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். மடுவில் நான் தயங்கி நின்றபோது புடவையை விரித்துப் பிடித்துக் குனிந்துகொண்டு, "எறங்குடி. லிங்கமய்யா காத்துகினு கீறாரு, எனக்குக் கையும் வலிக்குது" என்றார். அன்றைக்குத்தான் என் முதுகில் அந்தத் தண்ணீர் பட்டது. குளிர்ச்சியில் அழுதேனா சந்தோஷத்தில் அழுதேனா என்று தெரியாது. அந்த வெண்புள்ளி பற்றி அக்கா என்னிடம் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்படி வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்ததில் ஒரு வருஷம்.

என் பெண் டிகிரி முடித்திருந்தாள். என் நாத்தனார் பையனுக்கே அவளைக் கொடுப்பது என்று பேசி, ஆவணியில் முகூர்த்தம் வைத்து, கல்யாண மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது. சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் அவனுக்கு வேலை. அந்தச் சித்திரைக்கு நாத்தனாரும் அவனும் எங்கள் பஸ்ஸிலேயே வந்தார்கள். வழியெல்லாம் கிழவிகளுக்குக் கை கொடுத்து இறக்கினான். எல்லார் பையையும் தூக்கினான். "அத்தை, அந்தக் கல்லு ஆடுது, பாத்து வாங்க" என்று எனக்குச் சொன்னான். "இந்த மாதிரி மாப்பிள்ளை கெடைக்க நீ இன்னா விரதம் இருந்த?" என்று அக்காவே என் காதில் கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மடுவில் குளித்துவிட்டு நானும் பக்கத்து வீட்டு மருமகளும் இன்னொருத்தியும் புடவைக்குப் பின்னால் ஈரம் மாற்றிக்கொண்டிருந்தோம். என் பெண் முன்னாடியே மாற்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் பாறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வழக்கம்போலக் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று புடவை ஆடியது. காற்று என்று நினைத்தேன். அக்கா முனையை இறுக்கி இழுத்துப் பிடிக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"எல்லாரும் குந்துங்க" என்றார், குரலை உயர்த்தாமல். "குந்தி, துணியைப் போத்திக்கோங்க. மேல பாக்காதீங்க."

என்ன ஏதென்று கேட்பதற்குள் மரத்தில் கட்டியிருந்த முனையையும் அவிழ்த்துப் புடவையை எங்கள் மூன்று பேர் தலைமேலும் போட்டுவிட்டார். புடவைக்குள்ளே ஈரத்தோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"எறங்கி வா."

மடுவுக்கு மேலே, ஓடை குதிக்கிற விளிம்பில் தட்டையாக ஒரு பாறை உண்டு. அங்கே ஒருத்தன் குந்தியிருந்து கையை நீட்டிக்கொண்டிருப்பது காலடித் தண்ணீரில் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. போனும் தெரிந்திருக்கிறது.

நான் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது என் நாத்தனார் பையன் எதிரே நின்றுகொண்டிருந்தான். சிரித்த முகம். "அருவியத்தான் எடுத்தேன்க்கா. மேல இருந்து வ்யூ சூப்பரா இருந்துச்சு."

அக்கா கையை நீட்டினார். அவன் தரவில்லை. அக்கா கையை இறக்கவும் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து நிற்கவும் போனைக் கொடுத்தான். பக்கத்து வீட்டு மருமகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். பாறையில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள்.

அதற்குள் என் நாத்தனார் ஓடி வந்தாள். மகன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கும் புரிந்தது. அக்காவையும் என்னையும் மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, எத்தினியோ பேருதுக்கு நீங்க மூடி வெச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும். இதையும் மூடிடுங்க. ஆவணில கல்யாணம் கீது. அருவியத்தான் எடுத்தான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"ஹவ், ஆமா, நம்புவாங்க" என்றார் அக்கா. "அதான் சொல்ல மாட்டேன்."

"சின்னப் பையன்க்கா."

"அழுவறாளே, அவ இவன வுட சின்னவ."

"ஒங்க கால்ல வுழறேன்." நாத்தனார் குனிந்தேவிட்டாள். அக்கா பின்னால் நகர்ந்தார்.

"நான் இத்தினி நாளு மூடினது அவுந்து கெடந்தவங்களுக்கு. அவுத்தவனுக்கு மூட என்கிட்ட துணி இல்லம்மா."

பிறகு என்னைப் பார்த்தார். "பொண்ணப் பெத்தவ நீ. சொல்லு."

மண்டபம் கண்ணில் வந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்தது வந்தது. கூடப்பிறந்தவள்மேல் உயிரையே வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் முகம் வந்தது. ஈரத்தலையோடு லிங்கமய்யா சந்நிதியில் நிற்கிறேன், என் மனசில் சாமி இல்லை, அழுகிற பெண் இல்லை, மண்டபம் இருக்கிறது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கக்கூடாத எதையும் பார்க்காத அந்தக் கண் அன்று என்னை நேராகப் பார்த்தது. நான் மரத்தைப் பார்த்தேன்.

என் பெண் அங்கே வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. "க்யா ஹுவா, மம்மி?" என்றாள், என்ன ஆச்சு என்று. நாங்கள் தமிழில் பேசினாலும் அவள் பதில் எப்போதும் இந்திதான். அக்கா கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு அவனிடம் போனாள். லாக்கைத் திற என்றாள். திறந்தான். பார்த்தாள்.

அவள் பார்க்கும்போது நான் அவள் முகத்தைப் பார்த்தேன். போனில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் முதுகு இருக்கிறது. யாருக்கும் காட்டாமல் மறைத்து வைத்த இடம் வெயிலில் பளிச்சென்று இருக்கும். நாத்தனார் எட்டிப் பார்க்க வந்தாள். என் பெண் போனை மார்போடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கைகு கியா ரே?" என்று கேட்டாள் அவனை. ஏன் செய்தாய் என்று.

"மஜாக் மே" என்றான். விளையாட்டுக்காம்.

யாருக்காவது அனுப்பினாயா என்று கேட்டாள்.

இல்லையென்றான். அந்தப் பள்ளத்தில் யார் போனிலும் சிக்னல் கிடையாது. அதை நான் இன்றுவரை சாமி செய்த காரியமாகத்தான் நினைக்கிறேன். என் பெண் அந்த வீடியோவை மட்டுமல்ல, அவன் எதிரிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து, தேடித் தேடி அழித்தாள். போனைத் திருப்பி அவன் கையில் வைத்தாள். பிறகு என் நாத்தனாரிடம் வந்தாள்.

"அத்தை, எனக்கு நக்கோ" என்றாள். "ஏ ஷாதி நக்கோ." இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று.

அவ்வளவுதான். அக்கா பக்கத்து வீட்டு மருமகளைக் கைத்தாங்கலாக எழுப்பினார். அன்று ஏறும்போது எங்கள் கூட்டத்தில் ஒருவரும், "போயொஸ்தாம் லிங்கமய்யா" சொல்லவில்லை. சாமிகிட்ட சொல்லிக்கொள்ளாமல் வந்தது அந்த ஒரு வருஷம்தான்.

கல்யாணம் நின்றது. நாத்தனார் வீட்டோடு போக்குவரத்து நின்றது. என் வீட்டுக்காரர் அவன்மேல் கோபப்பட்டதைவிட அக்காமேல் கோபப்பட்டதுதான் அதிகம். "ஊருக்கெல்லாம் தட்டு கீழ வுழுது, எங்க அக்கா புள்ளைக்கு மட்டும் வுழலியா" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். லைனில் வேறு விதமாகப் பேசினார்கள். "இத்தினி வருஷமா புடிக்கிறவங்க, மேல யாரு கீறான்னு பாத்திருக்க வேணாமா?" என்றார்கள். அதுவும் அக்கா காதில் விழுந்திருக்கும். மறு சித்திரைக்கு பஸ்ஸுக்குப் பேர் கொடுக்கவில்லை. கூப்பிடப் போனால், "மூட்டு வலிம்மா" என்றார். அந்த வருஷமே அவர் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து அல்வாலில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சில வருஷம் கழித்து, அருவியிலிருந்து வந்த கையோடு, பிரசாதம் எடுத்துக்கொண்டு அல்வாலுக்குப் போனேன். அக்கா இளைத்திருந்தார். விபூதியை வாங்கி இட்டுக்கொண்டார். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் அங்கேதான் வந்தது.

"போன மாசம் ஒரு கல்யாணத்துல அவனப் பாத்தேன்க்கா" என்றேன். "பொண்டாட்டி, கொழந்தயோட வந்திருந்தான். 'அத்தை, சௌக்கியமா'ன்னு சிரிச்சிகினே கேக்கறான். நான்தான் தலையக் குனிஞ்சிகினு வந்துட்டேன்."

"அவன் நல்லாத்தான் இருப்பான்" என்றார் அக்கா. "நான் சுத்திலும் பாத்தேன்டி. எத்தினி வருஷம். ஒரு தடவ அண்ணாந்து பாக்கல. அன்னிக்கு இவன் மாட்னான். அதுக்கு முன்னாடி அங்க எவன் எவன் குந்திகினு இருந்தானோ. நான் கீழ நின்னுகினு, வாங்க வாங்க, நான் கீறேன், மாத்துங்கன்னு ஒங்களையெல்லாம் கூப்டுகினு இருந்திருக்கேன்."

"ஒங்க தப்பு இன்னாக்கா இதுல?"

"தப்புன்னு சொல்லல. வெக்கமா கீதுன்னு சொல்றேன்."

நான் எழுந்திருக்கும்போது கேட்டார். "இப்ப யாரு புடிக்கிறா?"

"நான்தான்க்கா. மருத மரத்துலதான் கட்றேன்."

"மேல?"

அன்று அவ்வளவு நடந்தும் மேலே ஆள் நிறுத்த வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. மூன்று பக்கமும் பாறை, நாலாவது பக்கம் புடவை என்று அப்படியேதான் குளித்துக்கொண்டிருந்தோம். அக்கா என்னைத் திட்டவில்லை. வாசல்வரை வந்து, "பாத்துப் போ" என்றார்.

அடுத்த சித்திரை வருவதற்குள் அக்கா போய்ச்சேர்ந்தார்.

அந்த வருஷம் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து, மேலே யாரை நிறுத்துவது என்று யோசித்தேன். திரும்பி எங்கள் ஆண்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். பஜனை பாடுகிறவர்கள், மாலை போட்டவர்கள், என் சித்தப்பா மாதிரி பழகினவர்கள், வயசுப் பையன்கள், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். யார்மேலும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முகத்திலும் வந்து நின்று, இவரை நிறுத்தலாம் என்று மனசு சொல்ல மறுத்தது. அன்றைக்கு வந்த வெட்கம் எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை. அவர்களைப் பார்த்து வந்ததா, என்னைப் பார்த்து வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "இன்னாத்த அப்டி எண்ணிகினு வர?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

மடுவுக்குப் போனதும் புடவையை என் பெண்ணிடம் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மருமகள் மறுமுனையைத் தானே வாங்கிக்கொண்டாள். நான் ஓடையோரமாகக் கையை ஊன்றி ஊன்றிப் பாறையில் ஏறினேன். மேலே போனதும் ஒரே ஒரு தடவை கீழே பார்த்தேன். எல்லாம் தெரிந்தது. மருத மரத்தின் வேர், புடவையின் கரை, தண்ணீரில் கிடக்கிற கூழாங்கல், ஒவ்வொருத்தியின் தோள்பட்டை. எதுவும் மறையவில்லை. ஒருநாளும் மறைந்திருக்கவில்லை.

முதுகைக் காட்டித் திரும்பிப் பாதையைப் பார்த்து நின்றுகொண்டேன். கீழே பேச்சு சட்டென்று நின்றது. பாறைமேல் ஓர் ஆள் நிழல் தெரிந்திருக்க வேண்டும். யாரோ ஒரு பெண், "மேல யாரு அது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன் திரும்பாமல். "நான்தான் நிக்கறேன். குளிங்க."